கோட்டை மதிலுக்குள் ஓர் அறை

என் நாத்தனார் ஏழு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. அவள் கணவர், எனக்கு அண்ணன் முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தார். அவளும் பக்கத்தில் படுத்தாள். நாலரை மணிக்குத் தேநீர் போட எழுந்தவள் அவரைத் தட்டினாள். உடம்பு சில்லென்று இருந்தது. நல்ல வெயில் நேரம். கீழே ஐஸ்கிரீம்காரன் மோட்டார் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனானாம்.

அதற்குப் பிறகு அவள் கட்டிலில் படுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசருவாள், உடனே திடுக்கிட்டு விழிப்பாள்.

"கூப்பிடறாரு அண்ணி" என்பாள்.

அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவரில்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். அந்த "இந்தா" பட்டப்பகலில் படுக்கையறைப் பக்கமிருந்து கேட்கிறது என்றாள்.

நான் இப்படிப்பட்ட பேச்சைச் சட்டென்று நம்பவும் மாட்டேன், இல்லையென்று தள்ளவும் மாட்டேன். ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் அறை சுத்தம் செய்தேன். ஆளில்லாத அறையைத் திறக்கும்போதும் நாங்கள் மூன்று முறை தட்டுவோம். தட்டிவிட்டுக் கதவுக்கு நேராக நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நிற்போம். உள்ளே யாராவது இருந்தால் வெளியே போக வழி விட வேண்டும். மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லாரும் அப்படித்தான். மேலதிகாரி பார்த்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவரும் தட்டுவார்.

நாத்தனாருக்கு நாளுக்கு நாள் மோசமானது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கி, சட்டி கரிந்து, பிளாட் முழுக்கப் புகை. பிறகு ஒருநாள் மாடிப்படியில் கால் தவறி மூன்று படி உருண்டாள். அவளுடைய மகன் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், விடியுமுன் கிளம்பினால் இரவுதான் திரும்புவான். அவன் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனான். மாத்திரைக்கும் தூக்கம் வரவில்லை என்றதும் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். வருகிற திங்கட்கிழமை வரைக்கும் இப்படியே இருந்தால் மனநல வார்டில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"வார்டுக்குள்ள போனா நான் திரும்பி வர மாட்டேன் அண்ணி. வந்தாலும் அது நானா இருக்க மாட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கோட்டைக்குப் போகலாம் என்பது அவளுடைய யோசனை. அந்தப் பேச்சை அவள் தன் வீட்டில் எடுக்கவில்லை. மாசாயில் அவர்கள் பிளாட்டின் கீழே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துமிடத்துக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, மேலே தன் வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எஸ்டேட்ல எல்லைக்கல்லு இருக்கும்ல? வெளிய இருக்கறது எதுவும் அதைத் தாண்டி உள்ள வராதுன்னு சொல்வாங்க. அதுக்கு ஒரு கல்லு போதும். மலாக்காவுல சுத்தி மதிலே கட்டியிருக்கானாம், பக்கத்துல ஆறு வேற. அந்த மதிலுக்குள்ள ஒரு ரூம் எடுத்துக் கொடுங்க. ஒரே ஒரு தடவை நான் நல்லாத் தூங்கி எழுந்திரிச்சா, டாக்டர்கிட்ட தைரியமாச் சொல்லுவேன்."

"வருஷம் திரும்பலையே, சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"சொல்றவங்களை வந்து எனக்குப் பதிலாத் தூங்கச் சொல்லுங்க."

அவள் எப்போதும் அப்படித்தான். பேச்சில் என்னை உட்கார வைத்துவிடுவாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "வீட்டுக்குள்ள இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவரு காதுல விழக்கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன்.

எங்கள் வீட்டில் வைத்து என் மருமகள்தான் போனில் ஹோட்டல்களைக் காட்டினாள். விலை குறைவாக இருக்க வேண்டும், மதிலுக்குள் இருக்க வேண்டும், இரண்டுதான் நாத்தனார் சொன்னது. மூன்றாவதை நான் சேர்த்துக்கொண்டேன், தூங்கக்கூடிய அறையாக இருக்க வேண்டும். மருமகள் நட்சத்திரத்தையும் விலையையும் படித்தாள். நான் படங்களைப் பார்த்தேன்.

ஓர் அறையில் சுவருக்கு இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் புதுச் சாயம். கீழே ஈரம் ஊறுகிறது என்று அர்த்தம். வேண்டாம் என்றேன். இன்னொன்றில் கட்டிலை ஆறு கோணத்தில் படம் பிடித்திருந்தார்கள், குளியலறைக்கு ஒரு படம்கூட இல்லை. அதுவும் வேண்டாம். ஒன்று ரொம்ப அழகு, பூப்போட்ட தரைக்கல், வெண்கல விளக்கு. ஆனால் கட்டிலுக்கு நேர் எதிரே ஆள் உயரக் கண்ணாடி. படுத்திருப்பவள் விழித்தால் தன்னையே பார்ப்பாள். வேண்டவே வேண்டாம்.

"அத்தை, நீங்க இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போயிருக்கணும் லா" என்றாள் மருமகள்.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். "ரூம் பார்க்கச் சொன்னா மாப்பிள்ளை பார்க்கறாங்க உங்க அத்தை. எனக்கு இப்படிப் பார்த்துக் கட்டிக் கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

கடைசியில் ஒன்று கிடைத்தது. பழைய கடைவீட்டை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். பச்சைப் பலகை ஜன்னல், மரத்தரை, ஐந்தே அறைகள், ஒரு நாளைக்குத் தொண்ணூறு வெள்ளி வாடகை. அந்த அழகெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. படுக்கை விரிப்பின் மூலை மடிப்பைப் பார்த்தேன். அவசரத்தில் செருகிய மடிப்பு இல்லை அது. யாரோ குனிந்து, இழுத்து, கையால் தடவிவிட்டு மடித்தது. அப்படி மடிக்கிற ஆள் இருக்கிற இடத்தில் அறை சுத்தமாக இருக்கும்.

"மதிலுக்கு உள்ளேதானே?" என்று கேட்டேன்.

மருமகள் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். குன்றைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போயிருந்தது. "இதுதான் கோட்டை மதில்னு போட்டிருக்கு அத்தை. ஹோட்டல் இங்க, கோட்டுக்கிட்டேயே. உள்ளதான்." ஏன் புள்ளி போட்டிருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாடகைக் காரில் நாத்தனாரை அழைத்துக்கொண்டு லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. மூன்றாவது மாடியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் இறங்கிவிட்டாள். அவளால் அந்த வீட்டில் ஒரு நிமிடம் கூட நிற்க முடியவில்லை. சாவியை என்னிடம் கொடுத்து, "ஜன்னலைச் சாத்திட்டு வாங்க அண்ணி" என்றாள்.

ஜன்னலைச் சாத்தினேன். எரிவாயுவை மூடினேன். கூடத்தில் அண்ணன் படம் மாட்டியிருந்தது. மாலை புதிது. மகன் போட்டிருப்பான். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் அவர் படத்துக்கு முன்னால் நின்று, எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவோம். கடைக்குப் போனாலும் சொல்வோம். பேரன் பரீட்சைக்குப் போனாலும் சொல்வான். சொல்லாமல் போனால் வீட்டில் இருப்பவர் தேட மாட்டாரா?

அந்தப் பழக்கம்தான். கையில் சாவியோடு நின்று, அண்ணன் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகச் சொன்னது.

"அண்ணே, நாங்க ரெண்டு பேரும் மலாக்கா போயிட்டு வர்றோம். கோட்டைக்குள்ள, பச்சை ஜன்னல் வெச்ச ஹோட்டலு. ஞாயித்துக்கிழமை வந்திருவோம்."

கும்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பஸ் ஆயர் ஈத்தாம் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது. நாத்தனார் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, தூங்காமல், கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் என்ன செய்துவிட்டேன்? ஊரைச் சொன்னேன். ஹோட்டலைச் சொன்னேன். ஜன்னலின் நிறத்தைக்கூட விடவில்லை. வழி தெரியாதவருக்கு அடையாளம் சொல்வது போல. அவரோ நாற்பது வருடம் லாரி ஓட்டினவர். இந்தச் சாலையில் எந்த வளைவில் எந்தக் கடை இருக்கிறது என்பது கூட அவருக்குத் தெரியும்.

அந்த பஸ்ஸில் ஒரு பக்கம் இரட்டை இருக்கை, மறுபக்கம் ஒற்றை இருக்கை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் எனக்கு நேராக இருந்த ஒற்றை இருக்கை காலியாக இருந்தது. யோங் பெங்கில் ஓர் ஆள் ஏறினார். டிக்கெட்டைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், அந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு முன்னால் போய் டிரைவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். மலாக்கா வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயில் மட்டும் அந்த இருக்கையில் விழுந்து, மரங்கள் வந்தபோது போய், மறுபடி விழுந்தது.

மலாக்காவில் இறங்கியதும் நாத்தனாருக்கு ஒரு சுறுசுறுப்பு வந்தது. ஹோட்டலுக்கு இரண்டு மணிக்குத்தான் போகலாம் என்பதால், முதலில் மதிலைப் பார்ப்போம் என்றாள். குன்றின் அடியில் கோட்டை வாசல் இருந்தது. கருத்த கல், மேலே வளைவு, உள்ளே இருட்டு. பள்ளிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் வாசலைப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள்.

"மதில் எங்க அண்ணி?"

வாசலுக்கு இரண்டு பக்கமும் புல்தரைதான் இருந்தது. ஒரு சின்னப் பையன் வாசலுக்குள் ஓடி, பக்கவாட்டில் சுற்றி வந்து, மறுபடி உள்ளே ஓடினான்.

இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் நான் மலாயில் கேட்டேன். எனக்கு அந்நியரிடம் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் சிரித்தார். மதிலை வெள்ளைக்காரன் எப்போதோ இடித்துவிட்டான், இந்த வாசல் ஒன்றுதான் மிச்சம் என்றார்.

நாத்தனார் வாசலின் கல்லைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வெறும் கதவு" என்றாள். "வீடு இல்லாம வெறும் கதவு."

"வேற எங்கயாச்சும் போவோமா?"

"வந்தாச்சு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுத்திப் போக வேணாம் அண்ணி. வாசல் வழியாவே போவோம். நாமளாவது மதில் இருக்கற மாதிரி நடந்துக்குவோம்."

வாசலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. எங்கள் செருப்புச் சத்தம் கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. நாத்தனார் எண்ணி எண்ணிக் கால் வைத்தாள். நான் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பக்கம் வந்து வெயிலில் நின்றபோது அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். எனக்கு அதுவும் வரவில்லை. மதில் இருந்திருந்தாலும் என்ன? நான்தான் உள்ளேயிருந்து கதவைத் திறந்து வைத்தவள் ஆகிவிட்டேனே.

சொல்லிவிடலாமா என்று நாலைந்து முறை வாய் எடுத்தேன். சொன்னால் அவள் அந்த நிமிடமே பஸ் ஏறுவாள். திங்கட்கிழமை வந்துவிடும். சொல்லவில்லை.

ஹோட்டல் படத்தில் இருந்தது போலவே இருந்தது, அது எல்லா ஹோட்டலுக்கும் வாய்க்காது. நடத்துகிறவர் என் வயதுச் சீன அம்மாள். மேல்மாடியில், பின்பக்க அறையைக் கொடுத்தார். மரப்படி ஏறும்போது வானம் இருண்டு மழை தொடங்கிவிட்டது.

கதவுக்கு முன்னால் நின்று மூன்று முறை தட்டினேன். தட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"காலி ரூமுக்கு என்ன அண்ணி மரியாதை?" என்றாள் நாத்தனார். ஆனால் அவளும் ஒதுங்கித்தான் நின்றாள்.

கதவைத் திறந்தேன். எப்போதும் அடைத்துக் கிடந்த அறையிலிருந்து காற்று வெளியே வரும், முகத்தில் படும். இருபத்திரண்டு வருடம் பட்ட காற்று அது. அன்று என் கழுத்தின் பின்பக்கம் பட்டது. எங்களுக்குப் பின்னாலிருந்து வந்து உள்ளே போனது. எதிரே சாத்தியிருந்த ஜன்னலில் திரைச்சீலை மெல்லப் பலகையோடு ஒட்டிக்கொண்டு, பிறகு விலகியது.

நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் பிடிச்ச மாதிரியே போட்டிருக்காங்க" என்றாள். பையை வைத்தாள். கையைக் காலைக் கழுவினாள். பிறகு ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒரு கட்டிலில் ஏறிப் படுத்தாள். நடுவில் இல்லை. வலது ஓரத்தில், இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் விழுந்துவிடுவாள். நாற்பது வருடம் ஒரு பெரிய உடம்புக்கு இடம் விட்டுப் படுத்தவள்.

"நடுவுல படு" என்றேன்.

"இங்கதான் எனக்கு வரும். நீங்க நாற்காலியில உட்காருங்க. போயிடாதீங்க."

அவள் போர்வையை இழுத்ததில் மறுபாதி விரிப்பு கொஞ்சம் கசங்கியது. கை சும்மா இருக்கவில்லை. இழுத்து, ஓரத்தைச் செருகி, உள்ளங்கையால் தடவிவிட்டேன். தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தேன். காசைப் போட்டால் துள்ளும், அப்படி இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மழை ஓட்டில் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்தபடி உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் இருக்கும்.

"வராது அண்ணி" என்றாள். "சூடா ஏதாவது குடிச்சா வருமான்னு பார்க்கலாம். மைலோ பாக்கெட் பையில இருக்கு."

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் அந்தச் சீன அம்மாளோடு நிற்க வேண்டியிருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, இந்த வீடு பழைய மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டேன்.

அவர் மலாயில் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் கழிவுநீர்க் குழாய் போடத் தோண்டினார்களாம். இந்தச் சமையலறைத் தரைக்குக் கீழே பெரிய பெரிய செம்பாறைக் கற்கள், ஒரு வரிசையாகப் போனதாம். ஆட்கள் வந்து பார்த்துவிட்டு மதிலின் அஸ்திவாரம் என்று சொல்லி, மூடச் சொல்லிவிட்டார்களாம். அவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இங்கே. பாதி வீடு உள்ளே, பாதி வீடு வெளியே."

"எங்க ரூம்?"

அவர் மேலே பார்த்தார். "இதுக்கு நேர் மேலே."

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியேறினேன். மேலே எந்தச் சத்தமும் இல்லை. கதவை நெருங்கும்போதுதான் கேட்டது. குறட்டை. மெல்லிய, சீரான, வாய் திறந்த குறட்டை.

உள்ளே போய்க் கதவருகிலேயே நின்றுவிட்டேன். நாத்தனார் அதே ஓரத்தில், போர்வைக்குள், இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது. ஒரு கை மட்டும் நீண்டு மறுபாதிப் படுக்கையின் மேல் கிடந்தது.

அந்தக் கைக்கு அப்பால் படுக்கை குழிந்திருந்தது.

படுக்கையைப் படிப்பது என் வேலை. எத்தனை பேர் படுத்தார்கள், கனத்த உடம்பா மெலிந்த உடம்பா, இரண்டு பேரும் சமாதானமாகத் தூங்கினார்களா முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினார்களா, விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவள் உருண்டு போய்த் திரும்பி வந்திருக்கலாம் என்று முதலில் என்னையே சமாதானப்படுத்தினேன். உருண்டால் விரிப்பு கூடவே இழுபடும். சாய்வாக மடிப்பு விழும். இங்கே ஒரு மடிப்பும் இல்லை. நான் செருகிய ஓரம் செருகியபடியே இருந்தது. தலையணையின் நடுவில் ஒரு பள்ளம், தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அகலமான பள்ளம், இடுப்புக்கு ஆழமான பள்ளம். மெல்ல உட்கார்ந்து, காலைத் தூக்கிப் போட்டு, மல்லாந்து படுத்த கனத்த ஆள்.

பிளாஸ்க்கைத் தரையில் வைத்தேன். எழுப்பிவிட்டு ஓட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் தூங்குகிறாள். ஏழு மாதமாக அவளுக்குக் கிடைக்காதது இப்போது கிடைத்திருக்கிறது. நான் எழுப்பினால் அதைப் பறித்தவள் நானாகிவிடுவேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பள்ளத்தைப் பார்த்து, உதடு அசைவது கூட அவளுக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"அண்ணே. சொன்னது நான்தான். அவ மறைச்சுத்தான் வெச்சிருந்தா. கோபம்னா என் மேல காட்டுங்க. அவளைக் கூப்பிட்டுடாதீங்க. தூங்கட்டும்."

மழை நின்றது. பலகை ஜன்னலின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகக் கட்டிலில் விழுந்தது. பள்ளம் நிமிரவில்லை. நல்ல மெத்தையில் ஆள் எழுந்து போனால் கால் மணி நேரத்தில் மேலே வந்துவிடும். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலை மாற்றிப் போடக்கூட இல்லை.

அவள் எழுந்தது ஆறரை மணிக்கு. விழித்தவுடன் அவள் என்னைத் தேடவில்லை. மறுபாதியைத்தான் தேடினாள். உள்ளங்கையால் அந்தப் பள்ளத்தைத் தடவினாள், தலையணையைத் தடவினாள். முகம் அப்படியே வெளுத்துப் போயிற்று.

"அண்ணி!"

"இங்கதான் இருக்கேன்."

அவள் கட்டிலிலிருந்து இறங்கி, தடுமாறி வந்து, என் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மூச்சு படுகிறதா என்று பார்த்தாள். கையை எடுக்கவே இல்லை. நான் அவளுக்காக மூச்சை நன்றாக விட்டேன்.

"இருக்கீங்க" என்றாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "அன்னைக்கும் இப்படித்தான் அண்ணி தூங்கினேன். நல்ல தூக்கம். நடுவுல 'இந்தா'ன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. தண்ணி கேக்கறாரு, எழுந்திருக்கணும்னு நினைச்சேன். 'ம்'னு சொன்னேன். சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பயம் அவரைப் பற்றியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மகனும் டாக்டரும் கூட அப்படித்தான் நினைத்தார்கள். அவளுக்குப் பயம் தூக்கத்தின் மேல். தான் தூங்கினால் பக்கத்தில் இருப்பவர் போய்விடுவார் என்று.

நான் அவள் தலையைத் தடவினேன்.

"அவரு வந்தாரா?" என்று கேட்டாள்.

"சுடுதண்ணி எடுக்கக் கீழ போனேன். வந்து உட்கார்ந்தேன். இந்த ரூமுக்குள்ள நடந்து வந்தது நான் ஒருத்திதான்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலைக் காட்டினாள்.

"எனக்கு இன்னும் தூக்கம் வருது அண்ணி. நீங்க நாற்காலியில இருந்தா எனக்கு மூச்சு கேக்காது. இங்க வந்து படுங்க."

இங்கே என்று அவள் கையை வைத்தது அந்தப் பள்ளத்தில்.

அந்தத் தூக்கத்தைத்தான் அவள் திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னாள், "ம்" சொல்லித் திரும்பிப் படுத்ததையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் நெடுநேரம் கேட்டுவிட்டு, வார்டு வேண்டாம், வாரம் ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போகலாம் என்றார். இப்போது அவள் தன் வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே படுக்கிறாள். இதெல்லாம் பிறகு நடந்தவை. அந்த மாலையில் எனக்கு எதுவும் தெரியாது. அவள் கண் செருகிக்கொண்டு போவதும், கை என்னைக் கூப்பிடுவதும்தான் தெரிந்தது.

நான் சுற்றி வந்து கட்டிலின் அந்தப் பக்கம் நின்றேன். மன்னிச்சுக்குங்க அண்ணே என்று மனதுக்குள் சொன்னேன். உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தேன். பள்ளம் என் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. படுக்கை சூடாக இருந்தது. அவள் படுத்த பக்கத்துச் சூடு இல்லை அது. என் முதுகுக்கு நேர் கீழே, இப்போதுதான் யாரோ எழுந்து இடம் கொடுத்த சூடு.

நாத்தனார் ஏறிப் படுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் அசையவில்லை. அவளுக்குக் கேட்கும்படி வாயைத் திறந்து, சத்தமாக, இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் பிடி தளர்ந்தது. அவள் மூச்சும் சீராக வந்தது. எங்கோ தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து முடிந்தது. பிறகு அந்த அறையில் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அது எத்தனை பேருடைய மூச்சு என்று எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, நான் விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.